மண் கட்சியும் ஸ்டேஷன் கட்சியும்

வீடு வாங்கக் கிளம்புகிற குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எந்தக் குடும்பமாக இருந்தாலும் அதில் இரண்டு கட்சிகள் கண்டிப்பாக இருக்கும். ஒன்று, மண் கட்சி. இன்னொன்று, ஸ்டேஷன் கட்சி.

மண் கட்சிக்காரருக்கு வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் பொருட்டே இல்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் மண் இருக்க வேண்டும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, முடிந்தால் ஒரு தென்னை. "வாசத்தெளிச்சுக் கோலம் போட இடம் இல்லேன்னா அது வீடா சார்? லாட்ஜ் ரூம்!" என்பார்.

ஸ்டேஷன் கட்சிக்காரர் நேர் எதிர். "ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷ நடை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். புறாக்கூண்டைக் காட்டினாலும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம் தெரிகிறதே என்றால், "ஜன்னலை ஏன் திறக்கறீங்க?" என்று கேட்பார்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. மண் கட்சியின் நிறுவனத் தலைவர் என் அப்பா. ஸ்டேஷன் கட்சியின் பொதுச்செயலாளர் என் மனைவி. அடியேன் இரண்டு பேரோடும் கூட்டணி வைத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்த உதிரிக் கட்சி.

ஹவுஸ் ஓனரின் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, "சார், ஆவணிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துட்டீங்கன்னா..." என்று அவர் தலையைச் சொறிந்த அன்றுதான் எங்கள் வீட்டுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

கட்சித் தலைவர்களைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

அப்பாவுக்கு வயது 72. கும்பகோணம் பக்கத்து ஆசாமி. கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். அம்மா போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்தியதால் ஊர் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அந்த வீட்டில் கொல்லை மட்டுமே 8 சென்ட். கிணறு, இரண்டு தென்னை, ஒரு நார்த்தை மரம், ஒரு பவழமல்லி. விற்று வந்த பங்குப் பணம் 22 லட்சத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, "வீடு வாங்கும்போது எனக்குன்னு ஒரே ஒரு ஆசைதாண்டா. செருப்பு இல்லாம மண்ணுல இறங்கி நிக்கணும்" என்றார். மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு அவர் இறங்கி நிற்க முடிந்த ஒரே இடம், ஹவுஸ் ஓனரின் ஸ்கூட்டர் நிற்கிற சிமென்ட் தரை.

என் மனைவிக்கு கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. காலை ஒன்பதுக்குக் கைரேகை வைக்க வேண்டும். ஒன்பது பத்துக்கு வைத்தால் அரை நாள் போச்சு.

அடியேன் பி.காம். படித்துவிட்டு, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். சனி ஞாயிறில் இரண்டு கடைகளுக்குக் கணக்கும் பார்க்கிறேன். ஹவுஸிங் லோனுக்காக பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போனபோது, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். "எழுதறேன் சார்" என்றேன். அவ்வளவுதான்! நாற்காலியை அப்படியே என் மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் ஒரு பீரோ.

பாப்பாவுக்கு 6 வயது. ஓட்டுரிமை இல்லை.

* * *

இரண்டு மாதம் அலைந்ததில், கடைசியாக இரண்டு வீடுகள் மிஞ்சின.

முதலாவது, கூடுவாஞ்சேரியில் தனி வீடு. மனை 30க்கு 40. அதாவது 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. கிட்டத்தட்ட 2¾ சென்ட். வீடு 650 சதுர அடி. விலை 70 லட்சம்.

இரண்டாவது, நங்கநல்லூரில் ஒரு பழைய பிளாட். 1996ல் கட்டியது. 40க்கு 60, ஒரு கிரவுண்டில் மொத்தம் ஆறு வீடு. தரைத்தளம், 700 சதுர அடி. விலை 72 லட்சம். பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடை.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாங்குகிற சரக்கு வேறு. கூடுவாஞ்சேரியில் 1,200 சதுர அடி மண்ணும் நமக்கு. நான்கு மூலையும் காட்டி, "இது என்னுது" என்று சொல்லலாம். நங்கநல்லூரில் நமக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு. அதாவது யூ.டி.எஸ். 2,400ஐ ஆறால் வகுத்தால் 400 சதுர அடி. அந்த 400 எங்கே இருக்கிறது என்று பத்திரத்திலும் இருக்காது, பத்திரம் எழுதினவராலும் காட்ட முடியாது. கடவுள் மாதிரி எங்கும் நிறைந்திருக்கும்.

"மூணு மடங்கு மண்ணுடா!" என்றார் அப்பா. சொசைட்டியில் கணக்கு எழுதியவர் இல்லையா?

அவர் சொன்னதில் ஒரு காமர்ஸ் உண்மையும் இருந்தது. கணக்குப் பாடத்தில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. 1996ல் கட்டிய கட்டடம் வருஷா வருஷம் கிழவனாகிக்கொண்டிருக்கும். மண் அப்படியே இருக்கும். பிளாட் வாங்கும்போது எத்தனை பெட்ரூம் என்று கேட்பதைவிட யூ.டி.எஸ். எத்தனை என்று கேட்பது முக்கியம் என்பதற்குக் காரணம் இதுதான். நாளைக்கு இடித்துக் கட்டினால் உங்கள் பங்கை நிர்ணயிக்கப் போவது அந்த எண்தான்.

கூடுவாஞ்சேரி வீட்டைக் காட்டிய புரோக்கர் சாதாரண ஆள் இல்லை. சரித்திரமே பேசினார்.

"சார், தி.நகரே ஒரு காலத்துல ஏரி சார்! தூர்த்துதான் மனை போட்டாங்க. அன்னைக்கு 'ஐயோ, அவ்ளோ தூரமா?'ன்னு கேட்டவன் பேரன் இன்னைக்கு அங்கே பார்க்கிங்குக்கு அலையறான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு. அடுத்து மெட்ரோ. நீங்க டவுனைத் தேடிப் போகாதீங்க, டவுன் உங்களைத் தேடி வரும்!"

அவர் சொன்ன சரித்திரம் சரிதான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கியதுதான் தி.நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூ இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தாயிற்று. நங்கநல்லூரே அறுபது எழுபதுகளில் கிணறும் தென்னையுமாகத் தனி வீடுகள் இருந்த 'தூரத்து ஊர்'தான்.

ஆனால் புரோக்கர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. டவுன் நம்மைத் தேடி வரும், சரி. எப்போது வரும்? இருபது, முப்பது வருஷம் கழித்து. அப்போது பாப்பா எந்த ஊரில் வேலை பார்ப்பாளோ? அப்பாவைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. தவிர, டவுன் வரும்போது சும்மா வராது. பில்டரைக் கூட்டிக்கொண்டு வரும். கொல்லையில் ஆறு வீடு கட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். நங்கநல்லூரின் கிணறும் தென்னையும் அப்படிப் போனவைதானே! மண் காத்திருக்கும். மனுஷன் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதே?

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஜ்ஜியோடு முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது.

"மாமா, கூடுவாஞ்சேரியிலேர்ந்து நான் தெனம் கிண்டி போய்ட்டு வரணும்" என்றாள் மனைவி.

"ட்ரெயின் இருக்கேம்மா?"

"இருக்கு மாமா. ஆனா நிறைய வண்டி தாம்பரத்தோட நின்னுடும். செங்கல்பட்டு வண்டி கம்மி. ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு நிக்கணும்."

"அங்கே இருக்கிறவங்க எல்லாம் வேலைக்குப் போகாமலா இருக்காங்க?"

"போறாங்க. எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் அங்கேர்ந்து வர்றாங்க. அவங்க என்னைக்காவது சிரிச்சு நான் பார்த்ததில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், எனக்கு இந்த விஷயத்தில் ஆதாயம் இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் கொல்லை இருந்தால் கொண்டாட்டம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டு எழுதலாம். மண் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டால் அது அப்பா மீதுள்ள பாசம் மாதிரி தெரியும். உள்ளே இருப்பது சொந்த நாற்காலி.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். "என் சித்தி பொண்ணு கூடுவாஞ்சேரியிலதானே இருக்கா? லீவுக்கு அவங்க ஊருக்குப் போறாங்க. வீட்டைப் பார்த்துக்கச் சொல்றா. ஒரு வாரம் நாம எல்லாரும் அங்கே போய் இருப்போம். நான் அங்கேர்ந்தே ஆபீஸ் போறேன். பார்த்துடலாம்."

புடவை எடுக்கப் போனால் உதறிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து எடுக்கிறோம். 70 லட்சம் ரூபாய் வீட்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய் இருபது நிமிஷம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோமே! சித்தி பெண் வீடும் கிட்டத்தட்ட அதே அளவு. பின்னால் கொல்லை, ஒரு கொய்யா மரம். போனோம்.

பி.காம். படித்ததற்கு ஏதாவது பிரயோஜனம் வேண்டாமா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்த ஐந்து வேலை நாளுக்கும் கணக்கு எழுதினேன். இடது பக்கம் வரவு: யார் எத்தனை நேரம் கொல்லையை அனுபவித்தார்கள்? வலது பக்கம் செலவு: யார் எத்தனை நேரம் ரோட்டிலும் ரயிலிலும் இருந்தார்கள்?

அப்பா, ஒரு நாளைக்குச் சராசரி நான்கு மணி நேரம் கொல்லையில். காலை ஐந்தரைக்கே இறங்கிவிடுவார். மூன்றாம் நாள் கொய்யா மரத்துக்குப் பாத்தி கட்டிவிட்டார். அடுத்தவர் வீட்டு மரம் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. ராத்திரி மாத்திரை போடாமலே நன்றாகத் தூங்கினார். குரோம்பேட்டையில் நான் பார்க்காத அப்பா.

பாப்பா, ஒன்றரை மணி நேரம். மண்ணில் இட்லி சுட்டு எல்லோருக்கும் பரிமாறினாள்.

அடியேன், அரை மணி நேரம். வெயில் ஏறினால் நாற்காலியோடு உள்ளே வந்துவிட வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசு வந்து பொறுப்பேற்றுக்கொள்ளும். மரத்தடியில் எழுதுவதெல்லாம் சினிமாவில் மட்டும்தான் நடக்கும் போலிருக்கிறது.

மனைவி, பூஜ்யம்.

இப்போது வலது பக்கம். அப்பா, பாப்பா, நான், மூவருக்கும் பூஜ்யம். மனைவிக்கு ஷேர் ஆட்டோ 15 நிமிஷம், ஸ்டேஷனில் நிற்பது 10, ரயில் 45, இறங்கி நடப்பது 10. ஆக, போக 80 நிமிஷம், வர 80 நிமிஷம். 2 மணி 40 நிமிஷம். ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழரைக்கு வருவாள்.

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு, இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று படித்திருக்கிறேன். அந்த நோட்டு சமமாக வரவில்லை. வரவு எல்லாம் மூன்று பேர் பெயரில். செலவு எல்லாம் நான்காவது ஆள் பெயரில்!

நங்கநல்லூரிலிருந்து என்றால் அவளுக்குக் கதவிலிருந்து கதவுக்கு 30 நிமிஷம். வித்தியாசம் போக வர 100 நிமிஷம். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 25,000 நிமிஷம். லோன் இருபது வருஷம். ஆக 5 லட்சம் நிமிஷம். 1,440ஆல் வகுத்தேன். 347 நாள்! ராத்திரி பகல் சேர்த்து, ஏறக்குறைய ஒரு முழு வருஷம்.

50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய் என்று பேங்கில் காகிதத்தில் அடித்தே கொடுத்துவிடுகிறார்கள். மொத்தம் கட்டப்போவது 1 கோடியே 4 லட்சத்துச் சொச்சம் என்பதையும் நாமே பெருக்கித் தெரிந்துகொள்ளலாம். இந்த 347 நாளை மட்டும் எந்தக் காகிதத்திலும் அடித்துக் கொடுக்க மாட்டார்கள். ரூபாய்த் தவணையைக்கூட முன்கூட்டி அடைக்கலாம். இதை அடைக்க வழியே இல்லை.

இந்த நோட்டை எப்படி வெளியே எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தூக்கத்துக்கு எதிராக ஒரு கணக்கைக் காட்ட மனசு வரவில்லை.

தேவையே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மனைவி வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். இருட்டு. "மாமா, கொய்யா காய்ச்சிருக்கா?" என்று கேட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "ஏண்டா, அஞ்சு நாளா இந்த வீட்டுல இருக்கோம். இந்தப் பொண்ணு இந்த மரத்தைப் பகல்ல பார்க்கவே இல்லையேடா."

"பரவால்ல மாமா. நாளைக்கு சனிக்கிழமை, பார்த்துக்கறேன்" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "எனக்கு மட்டும் மண்ணு வேணாம்னா நினைக்கிறீங்க? ஒரு மல்லிக்கொடி வைக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அது பூக்கிற நேரத்துக்கு நான் சானடோரியம் தாண்டியிருக்க மாட்டேன்" என்றாள்.

அதுவரை அவள் ஸ்டேஷன் கட்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளுக்குள் மண் கட்சிதான். மண்ணுக்கு வந்து சேர நேரமில்லாததால் ஸ்டேஷன் கட்சியில் இருந்தாள்.

* * *

சனிக்கிழமை அப்பா ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, "வா, ரெண்டு வீட்டையும் இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார்.

விற்பனைக்கு வந்த கூடுவாஞ்சேரி வீட்டில் முன்னால் 5 அடி. பைக் நிறுத்தினால் தீர்ந்தது. பக்கவாட்டில் மும்மூன்று அடி. கொல்லை என்று சொல்லத்தக்கது பின்பக்கம் மட்டும்தான், 30க்கு 8. ஆக 240 சதுர அடி. அதில் ஒரு மூலையில் செப்டிக் டாங்க், இன்னொரு மூலையில் போர்வெல், நடுவில் துணி துவைக்கிற கல்.

அங்கிருந்து நேரே நங்கநல்லூர். பிளாட்டின் பின்னால், காம்பவுண்டு சுவர் வரைக்கும் ஒரு சந்து. உடைந்த நாற்காலி, பழைய கமோடு, யாரோ எப்போதோ வாங்கி மறந்த சைக்கிள். அப்பா டேப்பைப் பிடித்தார். 40க்கு 6.

"எவ்வளவு?" என்றார்.

பெருக்கிப் பார்த்தேன். 240 சதுர அடி!

1,200க்கும் 400க்கும் மூன்று மடங்கு வித்தியாசம் என்று இரண்டு மாதமாகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். கடைசியில் கால் வைத்து நிற்கிற மண் என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. அங்கே சொந்தம். இங்கே ஆறு பேருக்குப் பொது. ஆனால் மற்ற ஐந்து பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை.

"தரைத்தளம்தானே? நம்ம சமையல்கட்டுக் கதவைத் திறந்தா நேரா இங்கேதான்" என்றார் அப்பா. அப்போதே முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நங்கநல்லூர் பிளாட்டை வாங்கினோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 72 லட்சத்துக்கு 6 லட்சத்து 48 ஆயிரம். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் ஒரு சலுகை இருக்கிறதே என்று ஆசையாகக் கேட்டேன். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்குத்தானாம். இந்தப் பக்கம் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்? வாசற்படி கிடைக்கலாம்.

* * *

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

பொது இடம் என்றால் பொதுக்கூட்டம் உண்டு. பின்பக்கச் சந்தில் சிமென்ட் போட்டிருந்தார்கள். அதைப் பெயர்க்க அசோசியேஷன் அனுமதி வேண்டும். "மோட்டார் ரூமுக்கு வழி வேணும்", "பாம்பு வரும்", "இன்னைக்குச் செடிம்பீங்க, நாளைக்கு மாடு கட்டுவீங்க" என்று ஆளுக்கொரு ஆட்சேபணை. மூன்று கூட்டம் நடந்து, மூன்றடி நடைபாதை போக மீதி மூன்றடி அகலம் அனுமதியானது. 240 இப்போது 120 ஆயிற்று. தென்னை கிடையாது. முருங்கை கிடையாது. ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் கீரை, சுவரை ஒட்டி ஒரு மல்லிக்கொடி.

அப்பா தினமும் அதில் செருப்பில்லாமல் இறங்கி நிற்கிறார். முதல் அறுவடையில் ஐந்து வீட்டுக்கும் கீரை போயிற்று. அதற்குப் பிறகு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் சில நாள், "நம்ம மண்ணு இல்லையேடா, பொது மண்ணுதானே" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 8 சென்டில் ராஜாவாக இருந்தவருக்கு மூன்றடிப் பாத்தி ஈடாகாது. அவருடைய 22 லட்சம் இல்லாமல் இந்தக் கதவுக்குள் நாங்கள் நுழைந்திருக்கவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

மனைவி இப்போது ஆறே முக்காலுக்கெல்லாம் வீட்டில். மல்லி பூக்கிற நேரத்தில் இருக்கிறாள். பறிப்பதற்கு மாமனாருக்கும் மருமகளுக்கும் போட்டி.

* * *

உங்களில் பலபேர் இப்போது வீடு தேடிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் முடிவு உங்களுக்குச் சரிவர வேண்டும் என்பதில்லை. மனைவிக்கு மறைமலை நகரில் வேலை என்றால் நாங்களே கூடுவாஞ்சேரியில் பாத்தி கட்டிக்கொண்டிருப்போம். அதனால் நான் சொல்லப்போவது தீர்ப்பு அல்ல, கேட்டுப் பார்க்க வேண்டிய சில கேள்விகள்தான்.

தோட்டத்தை அளக்கும்போது சதுர அடியை மட்டும் அளக்காதீர்கள். அதில் யார் நிற்கப் போகிறார்கள், எத்தனை மணிக்கு நிற்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் பகலில் ஆளே இல்லை என்றால், அந்தத் தோட்டத்தை நீங்கள் காக்காய்க்காக வாங்குகிறீர்கள். நல்ல காரியம்தான், ஆனால் காக்காய் தவணை கட்டாது.

தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். அதைத் தினமும் யார் கடக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கடக்கிறவரும் தோட்டத்தில் நிற்கிறவரும் ஒரே ஆள் என்றால் பிரச்னை இல்லை, அவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வார். வேறு வேறு ஆள் என்றால், கடக்கிறவரின் ஓட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

'ஆபீஸுக்குப் பக்கம்' என்று வீடு வாங்குவதிலும் ஜாக்கிரதை. ஆபீஸுக்குக் கால் உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தபோது அதை நம்பி அந்தப் பக்கம் குடியேறியவர்கள் எத்தனை பேர்! 2022ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. 2020 கொரோனாவில் 'இனிமேல் வீட்டிலிருந்தே வேலை' என்று நம்பித் தூரமாகத் தோட்ட வீடு வாங்கிப் போனவர்களையும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டன. ஆபீஸ் இடம் மாறும். ரயில்வே ஸ்டேஷன் அவ்வளவு சுலபத்தில் மாறாது. பக்கம் என்றால் ஸ்டேஷனுக்குப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கிற டாக்டருக்குப் பக்கம்.

கடைசியாக ஒன்று. மண் உள்ள வீட்டை இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை மே மாதம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க. 2019ல் சென்னையின் ஏரிகள் வற்றியது ஞாபகம் இருக்கட்டும். இன்னொரு தடவை நவம்பர், டிசம்பரில், வீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க. 2015ம் 2023ம் ஞாபகம் இருக்கட்டும். ஊர்ப் பெயரில் 'ஏரி', 'தாங்கல்' என்று வந்தால் பழைய ஆட்களை விசாரியுங்கள். பழவந்தாங்கலிலேயே தாங்கல் இருக்கிறது என்பதால்தான் நாங்களும் அடை மழையில் ஒரு நாள் குடையோடு போய், சுரங்கப்பாதையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது, தெருவில் எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் வீட்டு அரசியல் நிலவரம் இப்போது அமைதி. மண் கட்சியும் ஸ்டேஷன் கட்சியும் ஒன்றாகிவிட்டன. ஓட்டுரிமை இல்லாத பாப்பாவிடம், "நீ பெரியவளானா எந்த மாதிரி வீடு வாங்குவே? தாத்தா மாதிரி தோட்டம் வெச்சதா, அம்மா மாதிரி ஸ்டேஷன் பக்கத்துலயா?" என்று கேட்டேன்.

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"லிஃப்ட் வெச்ச வீடு!" என்றாள்.